கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே ஒரு நாற்காலி

எங்கள் பக்கத்தில் யாருக்காவது சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண் வந்து, சேலத்து டாக்டர் 'அழுத்த ஆக்சிஜன் சிகிச்சையும் சேர்த்து எடுத்துப் பாருங்கள்' என்று சொல்லிவிட்டால், அவர்கள் வீட்டிலிருந்து ஒருவர் என்னைத் தேடி வருகிறார். நான் நாமக்கல்லில் ஒரு விடுதிப் பள்ளியில் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் விளங்கும்படி சொல்வேன் என்று பெயர். என் மனைவிக்கு அந்தச் சிகிச்சை நடந்தது என்பதும் வருகிறவர்களுக்குத் தெரியும். அது பாதியில் நின்றுவிட்டது என்பதும், அவளுடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே இப்போது இல்லை என்பதும் தெரியும். ஏன் பாதியில் நின்றது என்பது மட்டும் தெரியாது. சிகிச்சை கொடுக்கிற கண்ணாடிப் பெட்டிக்குப் பயந்துகொண்டு விட்டுவிட்டாள் என்று நினைக்கிறார்கள். அப்படி நினைக்க வைத்தவன் நான்.

புண் வந்த கதையிலிருந்து சொல்லவேண்டும். அதிலும் எனக்குப் பங்கு உண்டு.

எனக்கு இதயத்தில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். நான் பிழைத்தால் பழனிக்கு வெறுங்காலோடு நடந்து வருகிறேன் என்று அவள் முருகனிடம் வேண்டிக்கொண்டாள். அவளுக்குச் சர்க்கரை வந்து வெகு காலம் ஆகியிருந்தது. பாதங்களில் உணர்ச்சி குறைந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். ஒரு நாள் கடையிலிருந்து வந்தவள் ஒரு காலில் மட்டும் செருப்போடு வாசல் ஏறினாள். மற்றது எங்கே என்று கேட்டேன். குனிந்து பார்த்துவிட்டுத்தான் அவளுக்கே தெரிந்தது. நான் சிரித்தேன். தெருவில் போய்த் தேடி எடுத்து வந்தோம். படித்தவன், அதற்கு என்ன பெயர், அதனால் என்ன வரும் என்று தெரிந்தவன், அன்றைக்குச் சிரித்தேன்.

தை மாதம் ஊரார் கூட்டத்தோடு அவள் பழனிக்குக் கிளம்பினாள். போகாதே என்று நான் சொல்லவில்லை. கடவுள் நம்பிக்கை எனக்குப் பெரிதாக இல்லை என்று வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். ஆனால் ஒருத்தி எனக்காகத் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடக்கிறாள் என்பது எனக்குப் பிடித்திருந்தது. பாதி வழியில் எல்லோருக்கும் கொப்புளம் போட்டதாம். எல்லோரும் வலியில் விந்திக்கொண்டு நடந்தார்களாம். இவளுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. முருகன் கால் தாங்குகிறான் என்று கூட வந்தவர்கள் இவளைத் தொட்டுக் கும்பிட்டார்கள். திரும்பி வந்து அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த பூரிப்பு எனக்கு நினைவிருக்கிறது. இடது பாதத்தின் அடியில் கொப்புளம் உடைந்து, மண் அடைத்து, கறுத்துப்போயிருந்தது. வலி இல்லாததால் அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். மஞ்சள் அரைத்துப் பூசச் சொன்னேன்.

சேலத்து மருத்துவமனைக்குப் போனபோது புண் எலும்பைத் தொட்டிருந்தது. டாக்டர் அழுகிய சதையை வெட்டி எடுத்தார். இரண்டு விரல்கள் போயின. மருந்து போய்ச் சேருகிற அளவுக்குக்கூடப் பாதத்தில் இரத்த ஓட்டம் போதவில்லை, ஆக்சிஜன் போதாத சதை ஆறாது என்றார். பெரிய குழாயில் அடைப்பு அவ்வளவு இல்லை, சின்னக் குழாய்கள்தான் சுருங்கிவிட்டன, அதனால் அழுத்த ஆக்சிஜன் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். அதைக் கொடுத்தால் கால் தங்கிவிடும் என்று அவர் சொல்லவில்லை. ஊசி, கட்டு, சர்க்கரைக் கட்டுப்பாடு எல்லாவற்றோடும் சேர்ந்து இது ஒரு துணை, அவ்வளவுதான் என்றார். வாரத்தில் ஞாயிறு தவிர எல்லா நாளும் வரவேண்டும். ஒன்றிரண்டு நாளில் எதுவும் தெரியாது. ஒன்றரை மாதம் போல ஆகலாம். நடுவில் நிறுத்தினால் செய்தது வீண் என்றும் சொன்னார். இது வேலை செய்யாவிட்டால் என்ன என்று கேட்டேன். கணுக்காலுக்கு மேலே தன் கையை வைத்துக் காட்டினார். பிறகு கையைக் கொஞ்சம் மேலே நகர்த்தினார்.

வாடகைக் கார் பிடித்து ராசிபுரம், மல்லூர் வழியாகத் தினமும் போனோம். மார்புப் படம், இதயப் படம், காது, மூக்கு எல்லாம் பார்த்தார்கள். நுரையீரலில் காற்று அடைபட்டிருந்தால் இதைச் செய்ய முடியாதாம். பிறகு அந்த அறைக்கு அழைத்துப் போனார்கள்.

அறையின் நடுவில் நீளமான ஒரு கண்ணாடிக் குழாய். ஒரு ஆள் மல்லாந்து படுக்கிற நீளம். ஒரு முனையில் இரும்புக் கதவு. பக்கத்தில் முள் காட்டும் வட்டங்கள், பேசுவதற்கு ஒரு ஒலிபெருக்கி. படுக்கைத் தட்டு தண்டவாளத்தில் வெளியே வரும். ஆளைப் படுக்கவைத்து உள்ளே தள்ளுவார்கள். என் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, இது ஐஸ் பொட்டியாட்ட இருக்குதுங்களே."

எனக்கும் அதுதான் தோன்றியிருந்தது. இப்போது எங்கள் ஊரில் சாவு விழுந்தால் வாசலில் பந்தல் போட்டு, அதன் கீழ் வாடகைக்கு வந்த கண்ணாடிப் பெட்டியில்தான் பிணத்தை வைக்கிறோம். வருகிறவர்கள் கண்ணாடி மேல் மாலை போடுவார்கள். இது அதன் அண்ணன் போல இருந்தது.

அங்கே பொறுப்பில் இருந்த பெண் இதைப் பலரிடம் கேட்டிருப்பாள் போல. முகம் மாறாமல் பதில் சொன்னாள். "அது குளுரும்மா. இது கதகதன்னு இருக்கும். அதுல போறவங்க திரும்பி வர மாட்டாங்க, நீங்க ஒன்றரை மணி நேரத்துல வந்துருவீங்க." என் மனைவி அதற்குச் சிரித்தாள்.

உள்ளே சுத்தமான ஆக்சிஜன் நிறைந்திருக்கும், சின்னப் பொறி பட்டாலும் தீ என்பதால் கட்டுப்பாடுகள் அதிகம். தலையில் எண்ணெய் கூடாது. பூ, பவுடர், சென்ட், பாலியஸ்டர் துணி கூடாது. அவர்கள் கொடுக்கிற பருத்தி உடை மட்டும். போன், கடிகாரம், கட்டிய பல், வளையல், மெட்டி, கொலுசு எல்லாம் வெளியே. அந்தப் பெண் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல இவளும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கடைசியில் கழுத்துக்கு வந்தபோது நிறுத்திவிட்டாள்.

தாலியைக் கழற்றினால் அது புருஷனுக்கு ஆகாது. அதிலும் இதயத்தில் கம்பி வைத்த புருஷன். அவள் அதை அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை, என்னைப் பார்த்தாள். பொன் கழுத்தில் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். நான் ஏதோ அறிவியல் பேசினேன். அவள் கேட்கவில்லை. அவளே ஒரு வழி சொன்னாள். தாலியை அடகு வைத்த வீட்டில் பெண்கள் மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கோத்துக் கட்டிக்கொள்வார்கள். அதுவும் தாலிதான். மறுநாள் அப்படிக் கட்டிக்கொண்டு வந்தாள். பொன் தாலியைக் கழற்றித் துணியில் சுற்றி என் சட்டைப்பையில் வைத்தாள். வைத்துவிட்டுப் பையை ஒரு முறை தட்டிப் பார்த்தாள்.

"ஊர்ல பாத்தா, வாத்தியாரு தாலிய அடகு வெச்சுப்போட்டாருன்னு பேசுவாங்க" என்றாள்.

படுக்கையில் ஏறும் முன் குழாயின் பக்கத்தில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினாள். தலைமாட்டுக்கு நேராக, அவள் கழுத்தைத் திருப்பினால் தெரிகிற இடத்துக்கு அதை நகர்த்தச் சொன்னாள்.

"நீங்க இதுல உக்காந்துக்கங்க. எங்கியும் போயிராதீங்க."

"நான் எங்கே போகப் போறேன்?" என்றேன்.

கதவை மூடித் திருகினார்கள். சீறல் சத்தத்தோடு உள்ளே அழுத்தம் ஏறியது. விமானம் இறங்கும்போது அடைப்பதுபோல் காது அடைக்கும், எச்சில் விழுங்கு, கொட்டாவி விடு, மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊது என்று முதலிலேயே பழக்கியிருந்தார்கள். வலித்தால் கையைத் தூக்கினால் போதும், அழுத்தத்தை நிறுத்திக் காது திறந்த பிறகு தொடர்வார்கள். முதல் நாள் அவள் இரண்டு தரம் கையைத் தூக்கினாள். உள்ளே கொஞ்சம் சூடானது. வேண்டிய அழுத்தம் வந்த பிறகு ஒன்றும் இல்லை. சும்மா படுத்திருப்பதுதான். மூச்சு விடுவதுதான் சிகிச்சை. அவள் பக்கவாட்டில் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். கடைசியில் அழுத்தம் குறையும்போது உள்ளே குளிர்ந்து, காது மொடுக் மொடுக்கென்று தானே திறந்துகொள்ளுமாம். வெளியே வந்தவள், மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கினாற்போல இருக்கிறது என்றாள். மாலையில் களைப்பாக இருந்தாள். நன்றாகத் தூங்கினாள்.

அதன் பிறகு அது எங்கள் தினப்படி வேலையாகிவிட்டது. வெறும் வயிற்றோடு வரக்கூடாது, உள்ளே சர்க்கரை சட்டென்று இறங்கும் என்பதால் இட்லி சாப்பிட வைத்துக் கூட்டிப்போவேன். உள்ளே போகும் முன் விரலில் குத்திப் பார்ப்பார்கள். நான் நாற்காலியில் உட்காருவேன். அவள் திரும்பிப் பார்ப்பாள், கண்ணை மூடுவாள், மறுபடி பார்ப்பாள். சில நாள் தூங்கிவிடுவாள். தூரத்துப் பார்வை கொஞ்சம் மங்குகிறது என்றாள். அது இந்தச் சிகிச்சையில் வருவதுதான், முடிந்து சில வாரத்தில் சரியாகும் என்றார்கள்.

ஒரு நாள் என் அக்கா இளம்பிள்ளையிலிருந்து வந்தாள். யாரிடமும் கேட்காமல் நேராக அறைக்குள் வந்தவள், கண்ணாடிக்குள் மல்லாந்து கிடந்த இவளையும் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்தாள். அவ்வளவுதான். தரையில் உட்கார்ந்து, "என்ற சாமீ, போயிட்டயா" என்று மாரில் அடித்துக்கொண்டாள். காவலாளி ஓடிவந்தார். உள்ளே இருந்தவளுக்குச் சத்தம் கேட்காது. நாத்தனாரின் வாய் திறந்து மூடுவதும் கை மாரில் விழுவதும் மட்டும் தெரிந்திருக்கிறது. புரிந்துகொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது.

"நங்கையாகிட்ட சொல்லுங்க, நா இன்னும் போகலைன்னு. கோடிச் சீலையோட வந்திருந்தா அத வெச்சுட்டுப் போகட்டும்."

அக்கா எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உயிரோடு இருக்கிறவளை இப்படியா போட்டுவைப்பீர்கள் என்று என்னைத் திட்டினாள். இதை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் மனைவி அந்தப் பெட்டிக்குப் பயப்படவில்லை. ஒப்பாரியே வைத்தாலும் உள்ளே படுத்துக்கொண்டு சிரிக்கிற அளவுக்குப் பயமில்லாமல் இருந்தாள். நான் நாற்காலியில் இருந்தேன், அதனால்.

பாதிக்கு மேல் வந்துவிட்டோம். புண்ணின் ஓரத்தில் சிவப்பாகப் புதுச் சதை தெரிய ஆரம்பித்தது. கட்டுப் போடுகிற நர்ஸ் அதைக் காட்டி, இது நல்ல நிறம் என்றாள். அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகு எனக்குள் ஏதோ தளர்ந்துவிட்டது. நாற்காலியில் உட்காருவது சலிக்கத் தொடங்கியது.

அன்று காலை பதினொரு மணி இருக்கும். அவள் உள்ளே கண்ணயர்ந்திருந்தாள். ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டை நாற்காலியின் மேல் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

மருத்துவமனை வாசலுக்கு எதிரே டீக்கடை. அங்கே ஒருவன் கும்பிட்டான். என்னிடம் படித்தவன், இப்போது லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறான், தன் மாமனாரைச் சேர்த்திருக்கிறானாம். என்ன சார் இங்கே என்றான். சொன்னேன். அந்தப் பெட்டியில் அப்படி என்னதான் நடக்கிறது என்று கேட்டான்.

அப்படியொரு கேள்வியை என்னிடம் யாராவது கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. கேள்வி கேட்கிற முகத்தோடு ஒருவன் முன்னால் நிற்பதும், நான் பதில் சொல்வதும். கடைக்காரரிடம் ஒரு சோடா வாங்கிக் கையில் பிடித்தேன்.

"மூடி திறக்காத சோடாவுல குமிழி தெரியுதா? தெரியாது. காத்து தண்ணியில கரைஞ்சு கிடக்குது. எது கரைச்சது? அழுத்தம்" என்று ஆரம்பித்தேன். மூச்சில் இழுக்கிற ஆக்சிஜனை இரத்தத்தில் சுமப்பது சிவப்பணுக்கள். அவற்றை லாரி என்று வைத்துக்கொள். எல்லா லாரியும் ஏற்கெனவே முழு லோடு. இன்னும் ஆக்சிஜன் கொடுத்தாலும் ஏற்ற இடமில்லை. அதுவுமல்லாமல் கெட்டுப்போன காலில் இரத்தக் குழாய் எல்லாம் சந்து பொந்து, லாரி நுழையாது. ஆனால் அழுத்தத்தில் வைத்துச் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால், லாரி இல்லாமலே, இரத்தத்தின் நீரில் நேராகவே கரைந்துவிடும். நீர் எந்தச் சந்திலும் போகும். பட்டினி கிடந்த சதைக்குச் சாப்பாடு போய்ச் சேரும். கிருமியைக் கொல்லுகிற வெள்ளணுக்களுக்கு வலு வரும். நாள்தோறும் இப்படிக் கொடுத்தால் மெல்லப் புதுக் குழாய்களே முளைக்கும்.

பக்கத்தில் இருந்த இரண்டு மூன்று பேரும் கேட்க ஆரம்பித்தார்கள். அழுத்தத்தைச் சட்டென்று எடுத்தால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டார். நான் சோடாவைத் திறந்தேன். பொங்கி என் கையில் வழிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். "அதுனாலதான் உள்ள ஆளு கத்துனாலும் கதவ ஒடனே தொறக்க முடியாது. மெதுவாத்தான் எறக்கணும்" என்றேன். இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

எழுதிவிடுகிறேன்: நான் மறக்கவில்லை. நாற்காலி நினைவுக்கு வந்தது. சோடாவைத் திறக்கும் முன்பே வந்தது. ஒரு டீக்கு வேண்டிய நேரம் எப்போதோ கடந்துவிட்டது என்பதும் தெரியும். பேசி முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். பட்டறைக்காரன் இரண்டாவது டீ சொன்னபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் தாலி என் சட்டைப்பையில் இருந்தது.

உள்ளே நடந்ததை அந்தப் பொறுப்பாளர் பெண் பிறகு சொன்னாள். இவள் விழித்திருக்கிறாள். கழுத்தைத் திருப்பியிருக்கிறாள். நாற்காலியில் நான் இல்லை, துண்டு மட்டும் கிடந்திருக்கிறது. அவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. தாலியைக் கழற்றிவிட்டேன், அவருக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது, துண்டைப் போட்டது போட்டபடி தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கண்ணாடியை அடித்திருக்கிறாள். சார் டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று ஒலிபெருக்கியில் அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். காதில் விழவில்லையோ, விழுந்தும் நம்பவில்லையோ. சாவுச் சேதியை மறைக்க முதலில் அப்படித்தான் எதையாவது சொல்வார்கள். எழுந்து உட்காரப் பார்த்துக் கண்ணாடியில் தலை மோதியிருக்கிறது. காலால் உதைத்திருக்கிறாள், புண் காலால். அவர்கள் அழுத்தத்தை இறக்கத் தொடங்கினார்கள். சட்டென்று திறக்க முடியாது. அந்தச் சில நிமிடங்களும் அவள் மஞ்சள் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டுக் கத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

நான் வந்தபோது அவள் படுக்கைத் தட்டில் உட்கார்ந்திருந்தாள். நெற்றி வீங்கியிருந்தது. காலின் கட்டு முழுக்க இரத்தம். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"நெஞ்சு வலிங்களா?"

"இல்லை. டீக்கடையில் ஒரு பழைய பையனைப் பார்த்தேன். பேசிக்கொண்டிருந்துவிட்டேன்."

அவள் கையை நீட்டினாள். சட்டைப்பையிலிருந்து தாலியை எடுத்துக் கொடுத்தேன். தானே கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஊட்டுக்குப் போலாங்க" என்றாள்.

மறுநாள் கார் வந்து நின்றது. அவள் கிளம்பவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. டாக்டர் போனில் பேசினார். பயத்துக்கு மாத்திரை கொடுத்துப் படுக்கவைக்கலாம், விட்டுவிடாதீர்கள் என்றார். கோயம்புத்தூரிலிருந்து மகள் வந்து அழுதாள். அவளிடமும் தாய் காரணம் சொல்லவில்லை. தாலியைத் தொட்டுக்கொண்டு, இனி இதைக் கழற்றமாட்டேன் என்று மட்டும் சொன்னாள். நானும் சொல்லிப் பார்த்தேன். நான் பக்கத்திலேயே இருக்கிறேன் என்று சொல்ல வேண்டிய இடம் வரும்போதெல்லாம் என் பேச்சு நின்றுவிடும். அந்த வார்த்தைக்கு இனி அவளிடம் மதிப்பில்லை என்று எனக்குத் தெரியும்.

டாக்டர் என்ன நடந்தது என்று கேட்டபோது, பெட்டிக்குப் பயந்துவிட்டாள் என்றேன். மகளிடமும் அதையே சொன்னேன். அக்காவிடமும். அப்போது இவள் அதே அறையில் படுத்திருந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மறுத்துப் பேசவில்லை. அந்த மௌனத்தை நான் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன்.

உதைத்ததில் கிழிந்த இடம் சீழ் பிடித்தது. சிவந்திருந்த ஓரம் சாம்பல் நிறமானது. பிறகு காலை எடுத்தார்கள், டாக்டர் கையை இரண்டாவதாக நகர்த்திக் காட்டிய இடத்தில். தொடர்ந்து எடுத்திருந்தால் கால் தங்கியிருக்குமா என்று அவரிடம் தனியாகக் கேட்டேன். தங்கியிருக்கலாம், தங்காமலும் போயிருக்கலாம், சொல்ல முடியாது என்றார். நேர்மையான பதில். குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஊரில் அது கதையாகிவிட்டது. வாத்தியார் சம்சாரம் ஐஸ் பெட்டி என்று பயந்து காலைக் கொடுத்துவிட்டாள். படித்தவன் வீட்டில் இப்படியும் ஒரு பொம்பளை. என்னிடம் இரங்கிப் பேசினார்கள், இவளோடு எப்படித்தான் குடும்பம் நடத்தினீர்களோ என்பதுபோல. நான் தலையை ஆட்டினேன். கல்யாண வீட்டில் ஒருத்தி அவளிடமே கேட்டாள், அப்படி என்ன பயம் அக்கா என்று. இவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, "வயசாச்சில்ல கண்ணு" என்றாள்.

சென்ற மாதம் ஆட்டையாம்பட்டியிலிருந்து ஒருவர் வந்தார். தறி ஓட்டுகிறவர். அப்பாவுக்குக் காலில் புண், அதே சிகிச்சை சொல்லியிருக்கிறார்கள். முன்னறையில் உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். எண்ணெய் தேய்க்காமல் கூட்டிப் போங்கள், சாப்பிட வைத்துக் கூட்டிப் போங்கள், காது அடைத்தால் உடனே கையைத் தூக்கச் சொல்லுங்கள், அடக்கிக்கொண்டால் காதுச் சவ்வு கெடும். சளி, காய்ச்சல் இருந்தால் அன்றைக்குச் சொல்லிவிடுங்கள். அபூர்வமாக வலிப்பு வரும், அதற்குத்தான் ஆள் பக்கத்திலேயே நிற்கிறார்கள். கட்டு மாற்றுவதையும் சர்க்கரை மாத்திரையையும் விட்டுவிட்டு இதை மட்டும் நம்பாதீர்கள். நடுவில் நிறுத்தாதீர்கள். சோடாவும் சொன்னேன், லாரியும் சொன்னேன். அந்த வெட்கங்கெட்ட பாடம் இன்னும் எனக்கு நன்றாக வருகிறது.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்பறம் ஏனுங்க அம்மா பாதியில உட்டுட்டாங்க?"

"பெட்டியைப் பார்த்துப் பயந்துவிட்டாள்" என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது.

உள்ளறையில் கட்டிலிலிருந்து அவள் குரல் வந்தது. உரத்த குரல் இல்லை.

"அந்தச் சேரைப் பத்தியும் சொல்லி உடுங்க."

வந்தவர் என்னைப் பார்த்தார். ஏன் அன்றைக்கு என்று எனக்குத் தெரியாது. இத்தனை பேர் வந்து போனபோதெல்லாம் பேசாமல் இருந்தவள். ஒருவேளை அவர் தயங்கித் தயங்கிக் கேட்ட விதத்தால் இருக்கலாம்.

சொன்னேன். நாற்காலி, துண்டு, தாலி, இரண்டாவது டீ. சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, "நா அப்பங்கூடவே உக்காந்துக்கறனுங்க" என்றார். என்னிடம் சொல்லவில்லை, உள்ளறைப் பக்கம் திரும்பிச் சொன்னார். அங்கிருந்து, "ஆமாஞ் சாமி, அது போதும்" என்று பதில் வந்தது.

அவரை வழியனுப்பிவிட்டு உள்ளே போனேன். அவள் சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள். கட்டிலருகே நாற்காலி கிடந்தது. உட்கார்ந்தேன். மகளுக்கு, அக்காவுக்கு, டாக்டருக்கு, எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் திரும்பாமலே கேட்டாள்.

"டீ குடிச்சீங்களா?"

அவள் அதைச் சாதாரணமாகத்தான் கேட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. இல்லை என்றேன்.